படிக்காவிட்டால் ஒன்பது கோடி

எடைச் சீட்டு காலை பதினொன்று பத்துக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். மதிவதனி பத்து மணியிலிருந்தே கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, முதலாளி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கணினித் திரையை உற்றுப் பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் ரிஸ்வானா அந்த நடிப்புகூட இல்லாமல் பகிரங்கமாக நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்கள். அதாவது, வெளிநாட்டு வியாபாரிக்கும் தையல் தளத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது அவர்கள் வேலை. இரண்டு வருடமாக ஒரே வேலை, ஒரே சம்பளம், மாதம் நாற்பத்திரண்டாயிரம். இப்போது இருவருக்கும் சென்னையில் ஒரே கல்லூரியில் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருந்தது. கட்டணம் முப்பத்திரண்டு லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் அந்த இடம், வரிசையில் காத்திருக்கும் வேறு யாருக்கோ போய்விடும். இன்று செவ்வாய்.

கடன் எடைச் சட்டம் வந்து ஆறு வருடமாகியிருந்தது. அதற்கு முன்பு வீட்டை அடகு வைத்து எம்.பி.ஏ. படித்து, டை கட்டிக்கொண்டு, பதினெட்டாயிரம் சம்பளத்துக்கு இன்சூரன்ஸ் விற்ற பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் இருந்தார்கள். அந்தக் கடன்கள் திரும்பி வராமல் வங்கிகளின் கழுத்தை நெரித்த பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. இனி படிப்புக்குப் பெரிய கடன் கேட்கிறவர் யாரானாலும் முதலில் எடை போடப்பட வேண்டும். எடை போடுவது ஒரு மெஷின். மதிப்பெண், குடும்பம், ஊர், வேலை, சம்பளம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, உங்களோடு எட்டே நிமிடம் பேசும். பிறகு இரண்டு தொகைகளைச் சொல்லும். படித்தால் அடுத்த இருபது வருடத்தில் எவ்வளவு சம்பாதிப்பீர்கள், படிக்காவிட்டால் எவ்வளவு. கடனை வட்டியோடு திருப்பிக் கட்ட ஆகும் தொகையைப் போல் இரண்டு மடங்காவது படிப்பால் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த வங்கியும் ஒரு பைசா தரக் கூடாது.

சட்டம் கல்லூரிக் கடனுக்கு மட்டும்தான். ஆனால் நம் ஆட்கள் அத்தோடு விடுவார்களா? கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு எடைச் சீட்டையும் கேட்டார். வாடகைக்கு வீடு விடுகிறவர் கேட்டார். விசேஷ வீடுகளில் பையன் என்ன செய்கிறான் என்று கேட்பதை விட்டுவிட்டு, பையன் எவ்வளவு எடை என்று கேட்க ஆரம்பித்தார்கள். சீட்டு வாங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். மீதிப் பேர் ஒளித்து வைத்தார்கள்.

பதினொன்று பத்துக்கு இரண்டு கைப்பேசிகளும் ஒன்றாக அதிர்ந்தன.

ரிஸ்வானாதான் முதலில் திறந்தாள். படித்தால் இரண்டு கோடியே தொண்ணூறு லட்சம். படிக்காவிட்டால் இரண்டு கோடியே பத்து லட்சம். கூடுதல் எண்பது லட்சம்தான். திருப்பிக் கட்ட வேண்டியதோ ஐம்பத்தெட்டு லட்சம். அதைப் போல் இரண்டு மடங்குக்கு எண்பது லட்சம் எங்கே எட்டும்? கடன் மறுக்கப்படுகிறது.

"போச்சு" என்றாள் ரிஸ்வானா. அவ்வளவுதான் சொன்னாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உன்னோடதைத் தொற" என்றாள்.

வதனி திறந்தாள். படித்தால் இரண்டு கோடியே தொண்ணூறு லட்சம். கீழே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். படிக்காவிட்டால் ஒன்பது கோடியே பத்து லட்சம். கடன் மறுக்கப்படுகிறது. காரணம்: இப்படிப்பால் விண்ணப்பதாரருக்கு இழப்பு ஏற்படும்.

"இது என்னடி?"

"என்னடி?"

"படிச்சா எனக்கு நட்டமாம்!"

*

மதிய இடைவேளையில் இருவரும் ஆட்டோ பிடித்து வங்கிக்கு ஓடினார்கள். எடைப் பிரிவில் சகாயராஜ் என்ற அலுவலர் இருந்தார். நாள் முழுக்க மறுப்பு சொல்லியே முகம் சுருங்கிப்போன மனிதர். வதனியின் சீட்டை வாங்கிப் பார்த்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்டினார்.

"உக்காருங்கம்மா" என்றார். அதுவரை அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை என்று பக்கத்து மேசைக்காரர் பிறகு சொன்னார்.

"சார், நான் படிக்கணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"படிக்கிறதுக்கு நான் கடன் குடுத்தா என் வேலை போயிடும். ஆறு கோடி நட்டத்துக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? ஆறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். படிக்காவிட்டால்ங்கிற கட்டத்துல மூணு கோடிக்கு மேல நான் பாத்ததே இல்ல."

"அப்படி நான் என்ன சார் செய்யப் போறேன்?"

"அது தெரியாதும்மா. எவ்வளவுன்னு சொல்லும். எப்படின்னு சொல்லாது."

"யாரைக் கேட்டாத் தெரியும்?"

"யாரையும் கேக்க முடியாது. லட்சம் பேரோட வாழ்க்கையைப் பாத்துட்டு, உங்களை மாதிரி ஒருத்தர் எங்க போய்ச் சேருவாருன்னு சொல்லுது. நீங்களேதான் கண்டுபிடிக்கணும்." பிறகு அந்த மனிதர் எழுந்து நின்று கை குலுக்கினார். "நல்லா வந்தப்புறம் நம்ம கிளையில கணக்குத் தொறங்க" என்றார்.

திரும்பும் வழியில் வதனிக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. மூன்று வருடம் அந்தக் கல்லூரிக்காக விடிவதற்கு முன் எழுந்து படித்தவள். அது கையை விட்டுப் போன துக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒன்பது கோடி! அவளுக்குள்ளே என்னவோ இருக்கிறது. அவளுக்கே தெரியாததை ஒரு மெஷின் பார்த்துவிட்டது.

ரிஸ்வானா வதனியின் கைப்பேசியை வாங்கி, சீட்டின் இரண்டாம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன் கைப்பேசியில் கணக்குப் பொறியைத் திறந்து எதையோ தட்டினாள். மறுபடியும் தட்டினாள். ஆட்டோ சிக்னலில் நின்றது, கிளம்பியது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னடி பாக்கிற?"

"ஒண்ணுமில்ல" என்று ரிஸ்வானா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "உனக்கு ஒரு நல்ல சட்டை வாங்கணும். ஒம்பது கோடிக்காரி இந்தச் சாயம் போன சுடிதார்லயா திரியறது?"

வதனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே நாற்காலி வரிசை, ஒரே சம்பளம், ஒரே மதிப்பெண். ஒருத்திக்கு ஒன்பது, ஒருத்திக்கு இரண்டு. அவளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் குற்ற உணர்ச்சியிலும் கொஞ்சம் இனிப்பு இருந்தது.

*

வீட்டில் சொன்னதும் அப்பா மோகன்ராஜ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பவர் டேபிள் என்கிற மின்சாரத் தையல் மிஷினில் முப்பது வருடமாக டி-ஷர்ட் தைப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் கவரில் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கட்கிழமை மறுபடியும் மிஷின் என்று ஓடியவர். இந்த எடைக்கு விண்ணப்பம் போட்டபோது பெற்றோர் உறுதிமொழிப் பக்கத்தை, வேலையை நிறுத்தாமல் மிஷினில் உட்கார்ந்தபடியே நிரப்பி அனுப்பியவரும் அவர்தான்.

"என்ற புள்ளைக்கு ஒம்பது கோடிங்களா?" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவரே கேட்டார். வந்தவர்கள் பதில் சொல்வதற்குள் ஜிலேபியை நீட்டினார்.

அன்று சாயங்காலமே தாய்மாமன் ஈஸ்வரமூர்த்தி புல்லட்டில் வந்து இறங்கினார். விசைத்தறி, நூல் வியாபாரம், நிலம் என்று பல தொழிலில் கை வைத்து, சிலதில் சுட்டுக்கொண்டவர்.

"அம்மிணி, அந்தச் சீட்டைக் காட்டு" என்றார். முதல் பக்கத்தை மட்டும் மூன்று தடவை படித்தார். "இதுக்கு மேல என்ன வேணும்? நீ என்ன தொழில் பண்றயோ பண்ணு. என்ற ஷெட்டு பூட்டித்தான் கெடக்குது. எட்டு மிஷின் வாங்கிப் போடறேன். நீ சம்பாரிச்சுக் குடு."

"மாமா, என்ன தொழில்னு எனக்கே தெரியாதுங்களே!"

"மிஷினுக்குத் தெரிஞ்சுருக்குதுல்ல? அது போதும்."

அடுத்த பத்து நாளும் வதனி திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி அலைந்தாள். பார்க்கிறதையெல்லாம் இதுவா அந்த ஒன்பது கோடி என்று பார்த்தாள். பெட்டிக்கடையைப் பார்த்தாள், பேக்கரியைப் பார்த்தாள், பனியன் கழிவு மூட்டைகளைப் பார்த்தாள். குளிக்கும்போது ஒரு தொழில் தோன்றும், தலை துவட்டி முடிப்பதற்குள் அது நொண்டியடிக்கும். வெள்ளிக்கிழமை வந்தது, கல்லூரி இடம் போனது. போனதை அவள் சனிக்கிழமைதான் நினைத்தாள்.

பதினோராம் நாள், வேலை நேரத்தில், வழக்கமான ஒரு மின்னஞ்சல் வந்தது. லிஸ்பனில் ஒரு சின்னக் கடை. இருநூறு டி-ஷர்ட் வேண்டுமாம். வதனியின் விரல்கள் வழக்கமான பதிலைத் தட்டப் போயின. மன்னிக்கவும், குறைந்தது மூவாயிரம் பீஸ் இருந்தால்தான் எடுப்போம். தினம் ஏழெட்டுப் பேருக்கு அந்தப் பதிலை அனுப்புகிறாள். இரண்டு வருடத்தில் எத்தனை பேர்? விரல் நின்றுவிட்டது.

"ரிஸ்வானா, கோடவுன்ல மிச்சத் துணி எவ்வளவு கெடக்கு?"

"ஒவ்வொரு ஆர்டருக்கும் இருபது கிலோ, முப்பது கிலோ நிக்குது. வருஷக் கடைசியில கிலோ எண்பதுக்குத் தள்ளி விடறாங்க. ஏன்?"

"எல்லாக் கம்பெனியிலயும் நிக்குமா?"

"திருப்பூர் முழுக்க நிக்குது."

"இருநூறு பீஸுக்கு எவ்வளவு துணி வேணும்?"

ரிஸ்வானா யோசிக்கவே இல்லை. "முப்பத்தஞ்சு கிலோ." பிறகு மெதுவாக நாற்காலியைத் திருப்பினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகளுக்கு வேண்டாத துணி. பெரிய கம்பெனிகளுக்கு வேண்டாத ஆர்டர். இரண்டும் இதே ஊரில், இதே மேசையில், ஒன்றை ஒன்று பார்க்காமல் கிடந்தன.

"இதுதான்டி!" என்று வதனி கத்தியதில் மேலாளர் எட்டிப் பார்த்தார்.

மாதக் கடைசியில் வதனி வேலையை விட்டாள். மாமாவின் ஷெட்டில் மிஷின்கள் இறங்கின. "ஒம்பது கோடிக்கார அம்மிணி" என்ற பேச்சு ஊருக்குள் முன்னாலேயே போய்விட்டதால், மிச்சத் துணிக்காரர்கள் கடனுக்கே துணி கொடுத்தார்கள். நூல்காரர் முன்பணம் கேட்கவில்லை. அந்தச் சீட்டை வதனி யாரிடமும் காட்ட வேண்டியதே வரவில்லை.

ரிஸ்வானாவைத் தேடி வீட்டுக்கே போனாள். "நீயும் வாடி. அதே நாப்பத்திரண்டாயிரம் நான் தர்றேன்."

ரிஸ்வானா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "சம்பளம் வேண்டாம். பங்கு குடு. நாலுல ஒண்ணு."

"ஒரு வருஷம் கையில ஒண்ணுமே நிக்காமப் போகலாம்டி. உங்க அத்தாவுக்கு மாத்திரை வாங்கணும், தம்பி ஃபீஸ் இருக்கு."

"தெரியும். பங்கு குடு."

தன்னுடைய ஒன்பது கோடியில் அவளுக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று வதனிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

*

அந்த ஒரு வருடத்தைச் சொல்லி முடியாது. லிஸ்பன் கடைக்காரி இருநூறுக்குப் பணம் கட்டியபோது ஷெட்டில் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். பிரேசிலிலிருந்து நூற்றைம்பது, ஆக்ராவிலிருந்து முந்நூறு, நார்வேயில் ஒரு பாட்டுக் குழுவுக்கு அறுபது. ஒரு தடவை கழுத்து அளவு மாறி நானூறு பீஸ் திரும்பி வந்தது. ரிஸ்வானா மூன்று நாள் அந்தச் சட்டைகளோடு உட்கார்ந்து, கழுத்தை வெட்டி மாற்றித் தைக்கவைத்து, அதையே புது மாடல் என்று வேறொரு கடைக்கு விற்றாள். அப்பாவும் தன் பழைய வேலையை விட்டுவிட்டு ஷெட்டுக்கே வந்தார். வந்த முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். இங்கே எல்லோருக்கும் சனிக்கிழமைதான் சம்பளம், முதலாளிகள் உட்பட.

"மாசச் சம்பளமெல்லாம் ஆபீஸ்காரங்களுக்கு, கண்ணு. சனிக்கெழமை கைக்கு வர்றதுக்குப் பேருதான் சம்பளம்" என்றார். வதனி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

இப்போது ஐரோப்பாவில் அறுபது சின்னக் கடைகள் ஒன்று சேர்ந்து ஒரே ஆர்டர் கொடுக்க வந்திருந்தன. மொத்தம் பன்னிரண்டாயிரம் பீஸ், அறுபது விதமாக. எட்டு மிஷின் போதாது, இன்னும் இருபது வேண்டும். நாற்பது லட்சம். மாமா தன் நண்பர்கள் இரண்டு பேரைப் பிடித்திருந்தார். ஒருவர் சாயப்பட்டறைக்காரர், ஒருவர் பஸ் முதலாளி. சனிக்கிழமை மதியம் ஷெட்டில் வைத்துக் கையெழுத்து. ஆளுக்குப் பதினைந்து லட்சம், மாமா பத்து.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான், மெஷினை நடத்தும் எடை ஆணையத்திலிருந்து கைப்பேசிக்கு ஒரு கடிதம் வந்தது.

'வணக்கம். வருடாந்திரத் தணிக்கையில் தங்கள் எடைச் சீட்டில் ஒரு பிழை கண்டறியப்பட்டுள்ளது. பெற்றோர் உறுதிமொழிப் பக்கத்தில் தங்கள் சம்பளம் 42,000 என்பதற்கு எதிரே கால அளவு "வாரம்" எனக் குறிக்கப்பட்டுள்ளது. வரி ஆவணங்களின்படி "மாதம்" என்பதே சரி. தங்கள் ஊரில் சம்பளம் பெரும்பாலும் ரொக்கமாக வழங்கப்படுவதால் பெற்றோர் உறுதிமொழி அப்படியே ஏற்கப்பட்டது. திருத்திய எடை: படித்தால் 2 கோடியே 90 லட்சம். படிக்காவிட்டால் 2 கோடியே 10 லட்சம். கடன் மறுப்பு முடிவில் மாற்றமில்லை. தற்போதைய வருமானத்தைக் கொண்டு புதிய எடை கோர விரும்பினால் கீழே நிரப்பவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

வதனி அதை நின்றுகொண்டு படித்தாள், பிறகு உட்கார்ந்துகொண்டு படித்தாள். அப்பா! முப்பது வருடமாகச் சனிக்கிழமைக் கவர் வாங்கிய கை, சம்பளம் என்றதும் வாரம் என்ற கட்டத்தைத்தான் தொடும். அவருக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவளுக்குள்ளே ஒன்றும் இருக்கவில்லை. மெஷின் எதையும் பார்க்கவில்லை. ரிஸ்வானாவுக்கு வந்த அதே எடைதான் அவளுக்கும், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இன்னும் மூன்று மணி நேரத்தில் நாற்பது லட்சம். கடிதம் அவளுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டாயிரம் பீஸ் போய்விட்டால் எல்லோருடைய பணமும் திரும்பிவிடும். தையல்காரர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவள் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை அழிக்கப் பார்த்தாள். அழிக்கவில்லை.

*

மதியம் எல்லோரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், காப்பி வருவதற்கு முன்பே, வதனி கடிதத்தை உரக்கப் படித்தாள். குரல் ஒரே இடத்தில்தான் உடைந்தது, 'பெற்றோர் உறுதிமொழி' என்று வந்த இடத்தில்.

படித்து முடித்ததும் சாயப்பட்டறைக்காரர்தான் முதலில் எழுந்தார். "நல்ல புள்ளைம்மா நீ. மறைக்காமச் சொன்ன. ஆனா பாரு, நாங்க அந்த ஒம்பதுக்குத்தான் வந்தோம்" என்றார். பஸ் முதலாளியும் செருப்பை மாட்டினார். முப்பது லட்சம் வாசலைத் தாண்டிப் போனது.

அப்பா எழுந்து நின்றிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "நான்தானுங் அதைத் தொட்டேன், மச்சான். மிஷின்ல இருந்துட்டே தொட்டேன். என்ற புள்ளையோட படிப்பை நான்தான் கெடுத்துப்போட்டேன்."

"படிப்பு எப்படியும் கெடைச்சிருக்காதுங்கப்பா. இந்த வரியைப் பாருங்க. சரியா எழுதியிருந்தாலும் கடன் இல்லதான்."

மாமா ஈஸ்வரமூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டு மிஷின்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மிணி, கம்பெனிச் செலவு, தையக்காரங்க கூலியெல்லாம் போக, போன சனிக்கெழமை நீ கையில எவ்வளவு எடுத்த?"

"முப்பத்தெட்டாயிரம், மாமா."

"வாரத்துக்கு?"

"வாரத்துக்கு."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப உங்கப்பன் எழுதுனதுக்கு நாலாயிரம்தான் கொறையுது. மாப்ள, நீங்க தப்பா ஒண்ணும் எழுதலீங். ஒரு வருஷம் முன்னாடியே எழுதிப்போட்டீங்க, அவ்வளவுதான்." பிறகு தீவிரமான குரலில் சொன்னார்: "என்ற பத்து லட்சம் நிக்கும். ஆனா பத்துதான். அஞ்சு மிஷின் வரும். மத்ததுக்கு நீங்களே பாத்துக்கங்க."

அவரும் போன பிறகு ஷெட்டில் தையல் மிஷின்களின் இரைச்சல் மட்டும் இருந்தது. கூடுதலாக ஐந்து மிஷினை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டாயிரத்தை எப்படி முடிப்பது? வதனிக்கு அதைவிடப் பெரிய பாரம் ஒன்று இருந்தது. வெட்டும் மேசையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த ரிஸ்வானாவிடம் போனாள்.

"என்னை மன்னிச்சுருடி. நல்ல வேலையை விட்டுட்டு, சம்பளம் வேண்டாம்னு பங்கு கேட்டு வந்த. அந்த ஒம்பது கோடியை நம்பித்தானே வந்த? அது பொய்."

ரிஸ்வானா துணியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வாரம்னு இருந்தது. அன்னிக்கே பாத்தேன், ஆட்டோவுல. ரெண்டாம் பக்கத்துல, விண்ணப்ப விவரத்துல. ஒம்பது கோடியே பத்தை அம்பத்திரண்டால வகுத்து, பன்னண்டால பெருக்கினேன். என் நம்பர் வந்துச்சு. சந்தேகமா இருந்து ரெண்டாவது தடவை போட்டேன். அப்பவும் என் நம்பர்தான்."

அந்த ஆட்டோ, அந்த சிக்னல், கணக்குப் பொறியில் ஓடிய அந்த விரல் எல்லாம் வதனிக்கு நினைவுக்கு வந்தன.

"ஏண்டி சொல்லல? மாமா காசு போட்டாரு, நூல்காரர் கடன் குடுத்தாரு, எல்லாரும் அதை நம்பி..."

"தப்புத்தான். உங்க மாமா வரும்போதெல்லாம் சொல்லிடலாம்னு வாயெடுப்பேன். சொல்லல. இன்னிக்கு நீ சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்துச்சு." ரிஸ்வானா துணி ஓரத்தை நீவினாள். "அன்னிக்கு என் சீட்டைப் பாத்து நான் நம்பிட்டேன்டி. நான் அவ்வளவுதான்னு. பத்து நிமிஷம் செத்துப்போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் உன் சீட்டைப் பாத்தேன். உன்னையும் என்னையும் அதுக்குத் தெரியவே இல்ல. சம்பளத்தை மட்டும்தான் தெரிஞ்சுருக்கு. அன்னிக்கே உங்கிட்டச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேரும் ஒரே நம்பரை வெச்சுக்கிட்டு, இன்னிக்கும் அதே நாற்காலியில உக்காந்து லிஸ்பன்காரிக்கு மன்னிக்கவும்னு எழுதிக்கிட்டிருப்போம்."

"சரி. பொய்னு தெரிஞ்சும் எதை நம்பிப் பங்கு கேட்ட?"

ரிஸ்வானாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கேக்கறா பாரு கேள்வி! மெஷின் உங்கிட்ட எட்டு நிமிஷம் பேசுச்சு. நான் ரெண்டு வருஷம் பக்கத்து நாற்காலி."

வதனி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெட்டு மேசையில் கத்தரி பிடித்திருந்த அக்கா, என்ன நடக்கிறது என்று தெரியாமலே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுது முடிந்ததும் வதனிக்கு ஒரே ஆவேசமாக வந்தது. சும்மா கிடக்கிற பவர் டேபிள்கள் திருப்பூர் முழுக்க இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களில் பாதிப் பேரை அப்பாவுக்குத் தெரியும். அறுபது விதமான ஆர்டரை அறுபது இடத்தில் கொடுத்தால் என்ன? இருபது மிஷின் எதற்கு?

"ரிஸ்வானா..."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். உங்கப்பாவைக் கூப்பிடு. முதல்ல பங்குப் பத்திரத்தை மாத்தணும். நாலுல ஒண்ணெல்லாம் இனிமே ஆகாது."

"பாதி" என்றாள் வதனி.

"பாதி" என்றாள் ரிஸ்வானா. பிறகு வதனியின் கைப்பேசியைக் கேட்டு வாங்கினாள். ஆணையத்தின் கடிதம் திறந்தபடியே இருந்தது. கீழே, புதிய எடைக்கான கட்டம். தற்போதைய சம்பளம்? அவள் முப்பத்தெட்டாயிரம் என்று தட்டினாள். கால அளவு? வாரம் என்ற கட்டத்தைத் தொட்டாள்.

"இந்தத் தடவை சரியா இருக்கு" என்றாள். அனுப்பு என்ற இடத்தை இருவருமே தொடவில்லை. மணி ஐந்தாகியிருந்தது. தையல்காரர்கள் மிஷின்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா கவர்களை எடுத்து மேசையில் அடுக்கிவிட்டு, வரச் சொல்லி இருவரையும் கூப்பிட்டார்.